வாரத் தொடரில் வளர்ந்த விண்வெளி: தமிழ் அறிவியல் புனைவு ரசனையின் வரலாறு (1952–2025)

முன்னுரை

எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’ 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று திரைக்கு வந்தது. இந்தியத் திரையில் வேற்றுக் கிரகவாசிகளைக் காட்டிய முதல் படம் என்று அதைச் சொல்வது வழக்கம். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 23 அன்று, பிபிசி தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ தொடங்கியது. இந்தியா விண்ணுக்கு ராக்கெட் விடுவதற்கு ஏழு மாதம் முன்பே தமிழ்ப் படம் வேறு கிரகத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் வேறுபாடு. பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’வையும் அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கையும் சுற்றித் தனி ரசிகர் உலகங்கள் எழுந்தன. சங்கங்கள், கையேடுகள், மாநாடுகள், பழைய அத்தியாயங்களைப் பற்றி ஓயாத விவாதங்கள் என்று அவை பெருகின. தமிழகத்தில் ரசிகர் மன்றங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் அறிவியல் புனைவுக்கென்று அப்படி ஒரு மன்றம் ஊருக்கு ஊர் எழவில்லை. அந்த ரசனை இங்கே இல்லாமல் போய்விட்டதா, வேறு வீட்டில் வளர்ந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மேலை நாடுகளில் தொலைக்காட்சித் தொடர் செய்த வேலையைத் தமிழில் வாரப் பத்திரிகையின் தொடர்கதை செய்தது என்பது இக்கட்டுரையின் வாதம். கூட்டத்தைத் திரட்டும் வேலையை நட்சத்திரம் பார்த்துக்கொண்டது. இரண்டும் நெடுங்காலம் தனித்தனியே ஓடி, சில படங்களில் கலந்து, 2015க்குப் பிறகே கருத்து தன் காலில் நிற்கத் தொடங்கியது. சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை இந்த மாற்றத்தைப் பார்க்கும் களமாகக் கொள்கிறேன்.

1. நட்சத்திரத்தின் நிழலில் (1952–1973)

தமிழில் இவ்வகைப் படங்களின் தொடக்கத்தைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தேட வேண்டும். டி.ஆர். சுந்தரம் 1952இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் கைகோத்து ‘காடு’ படத்தைத் தயாரித்தார். வில்லியம் பெர்க் இயக்கினார். மிருகங்கள் ஊர்களைத் தாக்குகின்றன. காரணம் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள் அழிந்துபோனதாக நினைத்த மாமத யானைகளைக் காண்கிறார்கள். சாதாரண யானைகளுக்குச் சடை மயிர் போர்த்தித்தான் அந்த மாமதங்களை உருவாக்கினார்கள். வித்தை எளியது. என்றாலும் இயற்கைக்கு மாறாகத் தோன்றும் ஒன்றுக்குத் தெய்வச் செயலைக் காரணம் காட்டாமல் தொல்லுயிரியலைக் காரணம் காட்டியது புதிது.

ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யின் கரு இன்றைக்கும் வியக்க வைக்கக்கூடியது. அறிவியலில் எங்கோ போய்விட்ட ஒரு கிரகத்துக்கு ஆடலும் பாடலும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளப் பூமியிலிருந்து ஒரு கலைஞரைத் தூக்கிவர முடிவு செய்கிறார்கள். எம்.என். நம்பியார் வேற்றுக் கிரகவாசியாக வந்து, பி. பானுமதி நடித்த வாணியைக் கடத்திப் போகிறார். எம்.ஜி.ஆர். விண்கலம் ஏறிப் போய் மீட்கிறார். அக்கால ஹாலிவுட் படங்களில் வேற்றுக் கிரகத்தார் பெரும்பாலும் நிலத்துக்காகவோ அழிவுக்காகவோ வந்தார்கள். இங்கே அவர்கள் சங்கீதத்துக்காக வந்தார்கள். எல்லாம் தெரிந்தவனுக்கும் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு என்ற எண்ணம், பாட்டை உயிராகக் கொண்ட ஒரு திரையுலகிலிருந்து பிறக்கக்கூடியதே.

1973இல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தில் எம்.ஜி.ஆர். விஞ்ஞானி முருகன். மின்னலின் ஆற்றலைச் சேமித்துவைக்கும் வழியை அவர் கண்டுபிடிக்கிறார்; அந்த ரகசியத்தைத் தேடிக் கதை நாடு நாடாகப் போகிறது. ஒசாகாவில் நடந்த ‘எக்ஸ்போ 70’ கண்காட்சியில் எடுத்த காட்சிகள் எதிர்கால நகரம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்ப் பார்வையாளருக்கு வண்ணத்தில் காட்டின.

இம்மூன்றில் பின்னிரண்டும் எம்.ஜி.ஆர். படங்களாகவே பார்க்கப்பட்டன, பேசப்பட்டன. மின்னலைச் சேமிக்க முடியுமா என்று கேட்டு மன்றத்தில் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. தலைவர் சேமித்துவிட்டார், அவ்வளவுதான். அறிவியல் இங்கே நாயகனின் பல திறமைகளில் ஒன்று. சிலம்பம் போல, குதிரையேற்றம் போல அதுவும் அவருக்குக் கைவந்தது. ரசிகர் மன்றம் என்ற அமைப்பு நடிகருக்கு உரியதாக ஆகிவிட்ட ஊரில் கதை வகைக்கு என்று மன்றம் எழாததன் முதல் காரணம் இதுவே.

2. மொழி தெரியாமல் பார்த்த விண்கலங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. எண்பதுகளின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ ஒளிபரப்பானது. ‘ஜெயன்ட் ரோபோ’, ‘ஹீ-மேன்’ போன்றவையும் வந்தன. 1989இல் தூர்தர்ஷனே ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’ என்ற விண்வெளித் தொடரை இந்தியில் தந்தது. காலப்பயணத்தைத் தொட்ட ‘இந்திரதனுஷ்’ தொடரும் அதே காலத்தது.

பெரும்பாலான தமிழ் வீடுகளுக்கு இத்தொடர்கள் புரியாத மொழியில் வந்தன. ஒன்று ஆங்கிலம், இல்லாவிட்டால் இந்தி. துணைத் தலைப்பு கிடையாது. எனவே பார்த்தவர்கள் படத்தை வைத்துக் கதையை ஊகித்தார்கள். கூர்மையான காதுகள் கொண்ட ஸ்பாக்கை மறக்காதவர்கள் ஏராளம். அவர் எந்தக் கிரகத்தைச் சேர்ந்தவர், ஏன் உணர்ச்சியைக் காட்டுவதில்லை என்பதை அறிந்தவர்கள் குறைவு. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்களின் பேச்சு முழுவதும் அத்தகைய நுணுக்கங்களில்தான் உயிர்வாழ்கிறது. 1968இல் தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு கிளம்பியபோது அமெரிக்க ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். மூன்றாம் பருவம் வந்தது. 79 அத்தியாயங்களோடு 1969இல் அது முடிந்த பிறகும், மறுஒளிபரப்பு ரசிகர்களைப் பெருக்கிக்கொண்டே போயிற்று. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் மாநாடு கூடினார்கள்.

வாரந்தோறும் காத்திருப்பது, நடுவில் ஊகிப்பது, தவறு கண்டால் எழுதிக் கேட்பது ஆகிய மூன்று பழக்கங்களால் ஆனது அந்த ரசனை. தூர்தர்ஷன் தமிழர்களுக்கு முதல் இரண்டைக் கொடுத்தது. மூன்றாவதற்கு மொழி வேண்டும். அது அச்சில் கிடைத்தது.

3. தபாலில் வளர்ந்த ரசிகர்

தமிழில் அறிவியலை எளிமையாக எழுதும் மரபு பெ.நா. அப்புசாமி போன்றவர்களால் வேரூன்றியது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. 1987இல் அதன் சிறுவர் இதழான ‘துளிர்’ வந்தது. அடுத்த ஆண்டு கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. புனைவுக்கான அடித்தளம் இப்படிப் பள்ளிக்கு வெளியே உருவாகிக்கொண்டிருந்தது.

சிறுவர்களுக்கான புனைவு சிவகாசியிலிருந்து வந்தது. 1972 ஜனவரியில் ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. மூலம் பிரிட்டிஷ் சித்திரக்கதை. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் விபத்தில் கையை இழந்து எஃகுக் கையைப் பொருத்திக்கொள்கிறார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவர் உருவம் மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் தெரியும். இந்த ஒரு நிபந்தனையில்தான் கதையின் சுவாரசியம் முழுவதும் இருக்கிறது. மின்சாரம் கிடைக்காத இடத்தில் மாயாவி என்ன செய்வார்? கை மட்டும் அந்தரத்தில் தெரிந்தால் காவலாளி கண்டுபிடித்துவிட மாட்டானா? வரம்பு இல்லாத மந்திரக் கதையில் எழாத கேள்விகள் இவை. 1984இல் தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’ ஸ்பைடரையும் ரோபோ ஆர்ச்சியையும் அறிமுகப்படுத்தியது. ஆசிரியர் வாசகரோடு நேரடியாகப் பேசும் பக்கமும் வாசகர் கடிதங்களும் அவ்விதழ்களின் அடையாளமாயின. எந்த நாயகன் மீண்டும் வர வேண்டும், எந்தக் கதை சொதப்பல் என்று எழுதிக் கேட்ட அந்த வாசகர்களை, நியூயார்க்கில் மாநாடு கூடியவர்களின் தமிழ் உறவினர் என்றே சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு அந்த இடம் சுஜாதாவிடம் கிடைத்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன் (1935–2008) ‘ஆனந்த விகடன்’, ‘குமுதம்’ போன்ற வார இதழ்களில் எழுதினார். எண்பதுகளில் விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’ நம்முடைய இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தைக் கதைக் காலமாகக் கொண்டது. அரசே இரண்டெழுத்துப் பெயர் கொடுக்கிறது, எத்தனை வயதுவரை உயிரோடு இருக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ கதையில் மனிதர்களைவிடப் பிரியமானதாகிவிட்டது. எல்லோரும் வணங்கும் தலைவர் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவரும் திருப்பத்துக்கு வாசகர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ‘மீண்டும் ஜீனோ’ என்று அது தொடர்ந்தது. ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அவருடைய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ கேள்வி-பதில் பகுதியைக் கதைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ‘ஜூனியர் விகடன்’ வாசகர்கள் அறிவியலில் எதையும் கேட்டார்கள்; அவர் கிண்டலும் விளக்கமுமாகப் பதில் சொன்னார். கதையில் படித்ததையும் திரையில் பார்த்ததையும் ‘இது நடக்குமா?’ என்று சோதித்துப் பார்க்கும் மனநிலை இங்கேதான் பழகியது. மேலை ரசிகர் பெரும்பாலும் ஒரு கற்பனை உலகத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்தார். தமிழ் ரசிகர் அந்த உலகம் சாத்தியமா என்று கணக்குப் போட்டார். இன்றுவரை தமிழ் அறிவியல் புனைவு உரையாடலின் முதல் கேள்வி இதுவாக இருப்பதற்குக் காரணம், அது திரையரங்கு வாசலில் பிறக்காமல் கேள்வி-பதில் பத்தியில் பிறந்ததுதான்.

4. ஆலைகளுக்கு நடுவே: மேற்குப் புறநகர்

இந்த வாசகர் யார் என்பதற்கு அம்பத்தூர்–ஆவடி வட்டாரம் நல்ல சான்று. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் அங்கிருந்து விஜயந்தா டாங்க் வெளிவந்தது. அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. 1976இல் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஆவடியில் அமைந்தது. அர்ஜுன் டாங்க் அதன் வடிவமைப்பு. வட்டாரத்தில் ‘எஸ்டேட்’ என்றால் தொழிற்பேட்டை. லேத், டை, டூல் ரூம் எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் என்று படித்து ஷிஃப்டுக்குப் போய் வரும் இந்த வர்க்கம்தான் சுஜாதா மனத்தில் வைத்து எழுதிய வாசகருக்கு மிக அருகில் இருந்தது. இயந்திரம் ஏன் ஓடுகிறது, எப்போது மக்கர் பண்ணும் என்று தொழிலால் தெரிந்தவரிடம், திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

திரையரங்கு விஷயத்தில் வட்டாரம் பின்தங்கியே இருந்தது. அம்பத்தூர் ராக்கி, முருகன், பூந்தமல்லி பகவதி போன்றவை தமிழ்ப் படங்களுக்கான அரங்குகள். ஆங்கிலப் படம் பார்க்க வேண்டுமானால் அண்ணா சாலைப் பக்கம் கேசினோ, தேவி, சஃபையர் என்று போக வேண்டும். மின்சார ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி பஸ் ஏறினால் பாதி நாள் போய்விடும். எண்பதுகளில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் போட்ட வழக்கம் இந்தத் தொலைவை ஓரளவு குறைத்தது. தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. நிலையாகக் குறைத்தது டப்பிங். 2002இல் ‘ஸ்பைடர்மேன்’ தமிழிலும் வெளியானது. 2009இல் ‘அவதார்’ தமிழ் பேசியது. உள்ளூர் அரங்கிலேயே ஹாலிவுட் அறிவியல் புனைவைத் தமிழில் பார்த்து, வெளியே டீக்கடையில் தமிழிலேயே வாதாடும் நிலை அப்போதுதான் வந்தது. தூர்தர்ஷன் தராத மொழி இருபது ஆண்டு தாமதமாகக் கிடைத்தது.

இன்று கற்பனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் நடுவே இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆவடி ஆய்வகம் 2017இல் ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் ‘முந்த்ரா’ கவச வாகனத்தை அறிமுகப்படுத்தியது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம்வரை ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலின் சோதனை ஓட்டம் நடந்தது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில் பெரும் படங்களுக்கான அரங்குகள் எழுகின்றன. ஆளில்லா வாகனத்தைத் திரையில் பார்த்து வியப்பவரின் பக்கத்து இருக்கையில், அதன் உதிரிபாகத்தைக் கடைந்தவர் உட்கார்ந்திருக்கக்கூடிய ஊர் இது.

5. இரண்டு ஓடைகள் கலந்தபோது: ‘விக்ரம்’ முதல் ‘2.0’ வரை

அச்சில் வளர்ந்த ரசனையும் நட்சத்திரத்தின் கூட்டமும் முதலில் சேர்ந்தது 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தில். சுஜாதா கதை எழுத, ராஜசேகர் இயக்க, கமல்ஹாசன் நடித்தார். கடத்தப்பட்ட ‘அக்னிபுத்ரா’ ஏவுகணை, அதைச் செயலிழக்க வைக்கத் தேவைப்படும் கணினி நிபுணர் என்று கதை போகிறது. ‘குமுதம்’ இதழில் தொடர்கதையாகவும் அது வந்தது. படம் பார்ப்பதற்கு முன்பே கணினி என்ன செய்யும் என்பதைப் படித்துவிட்டு அரங்குக்கு வந்த பார்வையாளர்கள் அதனால் உருவானார்கள். 1989இல் வேலு பிரபாகரன் இயக்கிய ‘நாளைய மனிதன்’ செத்தவரை உயிர்ப்பிக்கும் பிராங்கன்ஸ்டைன் மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்தது; மறு ஆண்டு ‘அதிசய மனிதன்’ தொடர்ந்தது. பிறகு இருபது ஆண்டுக்கு இவ்வகைப் படங்கள் அரிதாயின.

2010 அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’ வந்தது. சுஜாதா மறைந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. வசனத்தில் அவர் பங்கு இருந்தது. ரஜினிகாந்த் படைத்தவராகவும் படைப்பாகவும் நடித்ததால் ஒரு புதுச் சிக்கல் எழுந்தது. ரசிகர் யாருக்குக் கைதட்டுவது? விஞ்ஞானி வசீகரனை மிஞ்சும் இயந்திரன் சிட்டிக்குத்தான் அரங்கு அதிர்ந்தது. இயந்திரத்துக்கு உணர்ச்சி வந்தால் அது யாருக்குக் கட்டுப்படும் என்ற, ஐசக் அசிமோவ் காலத்துக் கேள்வி, நட்சத்திர வழிபாட்டின் உள்ளிருந்தே எழுந்தது. மன்றமும் கேள்வி-பதில் பத்தியும் ஒரே இருக்கையில் அமர்ந்த தருணம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் கூட்டணி நிலைக்கவில்லை. 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ மரபணுவில் முன்னோரின் நினைவு உறங்குகிறது என்றது. 2018இல் வந்த ‘2.0’ கைபேசிக் கோபுரக் கதிர்வீச்சைப் பறவைகளின் சாவோடு இணைத்தது. கைபேசி நிறுவனங்களின் சங்கம் படம் அறிவியலுக்கு மாறான எண்ணத்தைப் பரப்புவதாகத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. வணிக நலன் உள்ள முறையீடுதான் அது. ஆயினும் ஒரு தமிழ்ப் படத்தின் இயற்பியல் சரியா என்ற கேள்வி ரசிகர் வட்டத்தைத் தாண்டிப் பொதுவிவாதமாகிவிட்டதை அது காட்டியது. ‘நடக்குமா?’ என்று கேட்கப் பழகிய பார்வையாளரை நட்சத்திரத்தின் பிரகாசம் மட்டும் திருப்திப்படுத்த முடியவில்லை.

6. விதிகளின் காலம் (2015–2025)

ஆர். ரவிகுமார் 2015இல் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ திருப்புமுனை. பெரிய நட்சத்திரம் இல்லை. 2065இலிருந்து அனுப்பப்பட்ட காலயந்திரம், பிழைக்க வழி தேடும் இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் உலகைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, ஜோசியக் கடை போடுகிறார்கள். பொருளைத் தொலைத்தவர் வந்து எப்போது, எங்கே தொலைந்தது என்று சொன்னால் போதும். யந்திரத்தில் ஏறி அந்த நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிரக பலன் போலச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். தமிழகத் தெருவில் காலயந்திரம் கிடைத்தால் முதலில் என்ன நடக்கும் என்பதை இதைவிடச் சரியாக ஒரு படம் ஊகித்திருக்க முடியாது. பிறகு அவர்களின் ஒரு பயணத்தால், என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான். தொட்டது எதுவும் தொடாதது போல ஆகாது என்ற விதி அப்போது தன் வேலையைக் காட்டுகிறது.

இரும்புக்கை மாயாவிக்கு இருந்த நிபந்தனைதான் இங்கே திரும்பி வந்திருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நாயகனை விட்டுவிட்டு விதியைப் பற்றிப் பேசினார்கள்: அவன் பிழைத்தால் இவன் எப்படி அங்கே இருப்பான்? அடுத்த ஆண்டு விக்ரம் குமாரின் ‘24’ காலத்தை ஒரு கைக்கடிகாரத்தில் அடைத்தது. 2018இல் ‘டிக் டிக் டிக்’ விண்வெளிக்குப் போனது. ‘ஆர்மகெடான்’ படத்தோடு ஒப்பிடாமல் அதை யாரும் விமர்சிக்கவில்லை. 2021இல் வந்த ‘மாநாடு’ ஒரே நாளில் சிக்கிக்கொள்ளும் நாயகனோடு எதிராளியையும் அதே சுழலுக்குள் கொண்டுவந்து விதியைச் சதுரங்கமாக்கியது. 2023இல் ‘மார்க் ஆண்டனி’ கடந்த காலத்தோடு பேசும் தொலைபேசியைக் கொண்டுவந்தது. சிலம்பரசன், விஷால் போன்ற நட்சத்திரங்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் யந்திரத்தின் விதிக்கு அவர்களும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. 1973இன் முருகனுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

2024 ஜனவரியில் ரவிகுமாரின் ‘அயலான்’ வந்தபோது ‘கலை அரசி’க்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்று பாட்டுக்காரியைத் தேடி வந்த வேற்றுக் கிரகத்தான், இன்று விவசாயி நண்பனோடு சேர்ந்து பூமியைத் துளையிடுவதைத் தடுக்கிறான். 2025 பிப்ரவரியில் ‘இன்டர்ஸ்டெல்லர்’ இந்தியத் திரைகளில் மறுவெளியீடு கண்டது. பழைய படத்தை மீண்டும் பார்த்து நுணுக்கம் பேசுவது, அமெரிக்காவில் மறுஒளிபரப்பால் உண்டான பழக்கம். இங்கே அது மறுவெளியீட்டின் வழியாக வேர்விடத் தொடங்கியிருக்கிறது.

முடிவுரை

தமிழில் அறிவியல் புனைவு ரசனைக்கு அமைப்பு இல்லை என்பது பாதி உண்மைதான். அதன் அமைப்பு வார இதழின் தொடர்கதையும் கேள்வி-பதில் பகுதியும் காமிக்ஸ் வாசகர் கடிதமுமாக இருந்தது. அதனால்தான் அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. மேற்குப் புறநகர் போன்ற தொழில்நுட்ப வட்டாரங்கள் அந்த ரசனைக்கேற்ற வாசகரை வளர்த்தன. திரைப்படம் அவர்களை எட்ட அரை நூற்றாண்டு பிடித்தது.

இன்னும் நிரப்பப்படாத இடம் தொலைக்காட்சிதான். ‘ஸ்டார் ட்ரெக்’ போலப் பல பருவம் நீண்டு ஒரு தலைமுறையின் பொதுச் சொத்தாகும் அறிவியல் புனைவுத் தொடர் தமிழில் வரவில்லை. அந்த நேரத்தைக் குடும்பத் தொடர்கள் எடுத்துக்கொண்டன. வாராவாரம் காத்திருந்து வாதாடும் பழக்கம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல என்பதை ஜீனோவின் வரலாறு காட்டுகிறது. தயாரிப்பாளர்கள் பார்வையாளர் இல்லை என்று தயங்க இதில் காரணம் எதுவும் இல்லை.

ஆய்வாளர்களுக்கு மிஞ்சும் வேலை வேறு. தமிழ்ப் படங்களின் வரலாறு நடிகர், இயக்குநர் வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைப் பார்த்தவர் என்ன கேட்டார் என்பது பழைய இதழ்களின் கடிதப் பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. தொடர்கதைகள் நூலாகும்போது கதை மட்டும் மிஞ்சுகிறது, கடிதங்கள் விடுபட்டுவிடுகின்றன. காமிக்ஸ் இதழ்களையும் வார இதழ்களையும் தொகுக்கும் நூலகங்கள் அப்பக்கங்களையும் வெட்டாமல் பாதுகாத்தால், ரசிகர்களின் பக்கத்திலிருந்து இந்த வரலாற்றை மீண்டும் எழுத முடியும்.